பெயரும் ஒலியும்: இசை வகுப்பறையில் கருத்துவழிக் கற்பித்தல்



இயல், இசை, நாடகம் என்று முத்தமிழின் பெயரைச் சொல்லாத இலக்கிய மேடை இல்லை. சொல்லிய பின்னர் நடுவில் நின்ற சொல் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடும். கவிதை பற்றிப் பத்தாண்டுகளாகக் கூடிப் பேசிவரும் ஒரு வட்டத்தின் விழாவில், பள்ளியின் இசை வகுப்பைப் பற்றிப் பேசுவது சிலர்க்குப் புறம்பான பொருளாகத் தோன்றலாம். அது புறம்பானதன்று; கவிஞனின் செவி எங்கே உருவாகிறது என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

ஓர் இசை வகுப்பை மனக்கண்ணில் காண்போம். ஏழாம் வகுப்பு. நாற்பது மாணவியர். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஆர்மோனியத்தில் சுருதி ஒலிக்கிறது. ஒரு மாணவி எழுந்து சரளி வரிசையை மூன்று காலத்திலும் பிழையின்றிப் பாடுகிறாள். மாயாமாளவகௌளை எத்தனையாவது மேளகர்த்தா என்று கேட்டால், பதினைந்தாவது, அக்கினிச் சக்கரத்தில் மூன்றாவது என்று தயங்காமல் விடை வருகிறது. பின்னர் ஆசிரியை வாய்திறவாமல் ஆர்மோனியத்தில் அதே வரிசையை ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் ஒரு கட்டை உயர்த்தி வாசிக்கிறார். அது சங்கராபரணம் ஆகிவிட்டது. மாணவி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. 'இப்போது கேட்டது என்ன?' என்றால், 'மாயாமாளவகௌளை' என்றே சொல்கிறாள்.

அவள் சோம்பியிருப்பவள் அல்லள். குரலும் நல்ல குரல். அவளுக்குப் பெயர்கள் கற்பிக்கப்பட்டன. பெயர்களுக்குரிய ஒலிகள் கற்பிக்கப்படவில்லை. இந்த இடைவெளி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எமில் ஜாக்-டால்குரோஸ் என்பார் 1892 ஆம் ஆண்டில் செனீவா இசைக் கல்லூரியில் ஒத்திசைப் பேராசிரியராக அமர்ந்தபோது இதே நோயைக் கண்டார். அவருடைய மாணவர்கள் தாளில் சுரக்கூட்டுகளை இலக்கணப் பிழையின்றி எழுதினர். எழுதியது எவ்வாறு ஒலிக்கும் என்று அவர்களால் உள்ளத்தில் கேட்க இயலவில்லை.

கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் அந்த மாணவர்க்கு உறவினர் உண்டோ என்று எண்ணிப் பார்ப்பது தகும். தளை தட்டாத வெண்பா, ஆயினும் வாய்விட்டுப் படித்தால் ஓடாத வெண்பா, எல்லா மலர்களிலும் காணக்கிடைக்கிறது. நோய் ஒன்றே, இடம்தான் வேறு.

கருத்து என்பது யாது?

கல்வியியலார் இதற்குக் கூறும் மருந்துகளுள் ஒன்று கருத்துவழிக் கற்பித்தல். கருத்து என்பதை ஈழத்துக் கல்வியாளர் எண்ணக்கரு என்று வழங்குவர், அழகிய சொல். பல தனிப்பொருள்களை ஊடுருவி நிற்கும் பொதுமையே எண்ணக்கரு.

மூன்று கூற்றுகளை ஒப்பிட்டால் இது விளங்கும். மாயாமாளவகௌளை 15 ஆவது மேளம் என்பது தகவல். அதனை மூன்று காலத்தில் பாடுவது திறன். ஓர் அமைப்பில் ஒரு சுரம் தன் இடத்திலிருந்து சிறிது நகர்ந்தாலும் அமைப்பு முழுவதன் இயல்பும் மாறிவிடும் என்பது கருத்து. தகவல் தேர்வுத்தாளோடு முடியும். திறன் அந்த ஒரு வரிசையோடு நிற்கும். கருத்தோ சங்கராபரணத்தில் மத்திமம் மட்டும் உயர்ந்து கல்யாணி ஆகும்போது மீண்டும் பயன்படும். நடபைரவியிலும் தோடியிலும் பயன்படும். ஒரு சொல் மாறியதால் வரி முழுவதும் சுவை மாறிய ஒரு கவிதையைப் படிக்கும்போதும் பயன்படும். இடம்பெயர்ந்தும் பயன்படுவதே கருத்தின் அடையாளம்.

அமெரிக்க உளவியலாளர் செரோம் புரூனர் 1960 இல் வெளியிட்ட நூலொன்றில் சுருள்வடிவக் கலைத்திட்டம் என்னும் கொள்கையை எடுத்துரைத்தார். ஒரு துறையின் அடிப்படைக் கருத்துகளைச் சிறுவயதிலேயே அவ்வயதிற்கேற்ற வடிவில் கற்பிக்கலாம். பின்னர் மீண்டும் மீண்டும் அவற்றிற்கே திரும்பி, ஒவ்வொரு சுற்றிலும் ஆழப்படுத்தலாம் என்பது அதன் சாரம். இக்கொள்கையை இசைக்குப் பொருத்தி, 1965 முதல் 1970 வரை நியூயார்க் மாநிலத்தின் மான்ஹாட்டன்வில் கல்லூரியில் ஓர் இசைக் கலைத்திட்டம் உருவாக்கப்பட்டது. சுரநிலை, கால அளவு, நாதத்தின் நிறம், வன்மை மென்மை, வடிவம் ஆகியவை அதன் சுற்றுகளில் திரும்பத் திரும்ப வந்தன. அங்குக் குழந்தை கேட்பவனாக மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தானே சிறிது இசையைப் புனைந்து, பிறர்க்கு இசைத்துக் காட்டி, அதைப் பற்றிப் பேச வேண்டும். கருத்து விரிவுரையால் வருவதன்று, செய்து பார்த்து வருவது என்னும் தெளிவு அதில் இருந்தது.

ஒலி முன், குறி பின்

அமெரிக்கத் திட்டத்திற்கு முன்னரே ஐரோப்பாவில் மூவர் இவ்வழியில் நடந்துவிட்டனர். டால்குரோஸ் தம் மாணவரை நாற்காலியிலிருந்து எழுப்பினார். தாளத்தை நடையாகவும் கையசைவாகவும் உடலில் ஏற்றினார். செருமானியரான கார்ல் ஓர்ஃப், 1924 இல் மியூனிக் நகரில் டொரோத்தி குந்தருடன் நிறுவிய பள்ளியில், பேச்சையும் ஆட்டத்தையும் இசையையும் பிரிக்காமல் பயிற்றினார். அங்கேரியரான சோல்டான் கோடாய் (1882-1967) தாய்மொழி நாட்டுப்பாடலே குழந்தையின் முதல் இசைப்பாடம் என்றார். அவர் நெறியில் இசையை அன்றாடப் பாடமாகக் கொண்ட தொடக்கப்பள்ளி 1950 இல் கெச்கெமேத் என்னும் ஊரில் தொடங்கியது. அவருடைய கருத்துநெறி நாட்டுப்புற இசையைக் காத்தமைக்காக 2016 இல் யுனெஸ்கோவின் ஏற்பினைப் பெற்றது.

கோடாயின் நெறியில் தமிழர் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவர் பயன்படுத்திய சுரப்பெயர் முறை அசையும் ஆதாரத்தைக் கொண்டது. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் தொடக்கச் சுரத்திற்குப் பெயர் ஒன்றே. இங்கிலாந்தின் நார்விச் நகரைச் சேர்ந்த சாரா குளோவர் என்னும் ஆசிரியை இம்முறையை வகுத்தார். ஜான் கர்வன் வளர்த்தார். கோடாய் அதனை அங்கேரிக்குரியதாக்கினார். சட்சம் எங்கு வைக்கப்படுகிறதோ அங்கிருந்தே ச ரி க ம எண்ணப்படும் தமிழ்நாட்டு வழக்கமும் இதுவே. மேலைநாட்டுப் பள்ளிகள் அரிதின் முயன்று அடைந்த கருவி தமிழ்க் குழந்தையின் நாவில் முன்பே இருக்கிறது. ஆயினும் அதன் பொருள் குழந்தைக்குச் சொல்லப்படுவதில்லை. ச என்பது ஓர் ஒலி அன்று, ஓர் உறவின் தொடக்கம் என்னும் கருத்து நழுவிவிடுகிறது.

இம்மூவர்க்கும் பொதுவான விதி ஒன்று: ஒலி முன், குறி பின். முதலில் பாடு, பின் உணர், அதன்பின் பெயரிடு, இறுதியில் எழுது. பெரும்பாலான வகுப்பறைகளில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆயர்பாடியின் இசை வகுப்பு

இவையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்றதையும், அவளுக்கு அமைந்த ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோரின் தகுதிகளையும் விரித்துரைக்கிறது. அது தொழிற்கலைஞர்க்கான கல்வி. அதே காப்பியத்தில் ஆய்ச்சியர் குரவை பொதுமக்களின் இசைக்கல்வியைக் காட்டுகிறது.

மதுரைப் புறத்தே ஆயர்பாடியில் தீக்குறிகள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஆனின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ தீங்கு வரவிருக்கிறது என்று அஞ்சிய மாதரி, கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்க்கு இடுகிறாள். குரலை மாயவன் என்றும், இளியை அவன் தமையன் என்றும், துத்தத்தை நப்பின்னை என்றும் வகுக்கிறாள். பின்னர் முல்லைப் பண்ணில் பாடத் தொடங்குகின்றனர்.

இதனைக் கல்வியியல் நோக்கில் காண்க. சுரம் என்பது கண்ணுக்குப் புலனாகாதது. மாதரி அதற்கு உடல் கொடுத்தாள், நிற்கும் இடம் கொடுத்தாள், உறவுமுறை கொடுத்தாள். குரலும் இளியும் உடன்பிறந்தார் என்பது வெறும் புராண அலங்காரமன்று. இன்றைய வழக்கில் சட்சமும் பஞ்சமமும் ஒன்றோடொன்று முற்ற இயையும் நட்பைக் குழந்தையும் உணருமாறு உரைக்கும் உவமை அது. டால்குரோசுக்கு நெடுங்காலம் முன்னரே தமிழ்க் காப்பியப் புலவர் ஒருவர் இசைக் கருத்தை மேனியில் ஏற்றிக் காட்டிவிட்டார். கோவலன் சிலம்பு விற்கச் சென்ற வேளையில், அவன் முடிவு அங்கு எவர்க்கும் தெரியாத நிலையில், அச்சத்திற்கு மருந்தாக அவ்விசை எழுந்தது. இசைக்கல்வி ஓய்வுநேர அணிகலன் அன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

அவ்வட்டத்திற்குள் மற்றொரு கருத்தும் அடங்கியிருக்கிறது. ஏழு சுரங்களும் தத்தம் இடத்தில் நிற்க, தொடக்கத்தை மட்டும் ஒருவரிடமிருந்து அடுத்தவர்க்கு மாற்றினால் புதிய பாலை பிறக்கும். செம்பாலையை அரிகாம்போதி என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அதன் துத்தத்தைத் தொடக்கமாக்கினால் நடபைரவிக்குரிய படுமலைப்பாலையும், உழையைத் தொடக்கமாக்கினால் சங்கராபரணத்துக்குரிய அரும்பாலையும், இளியிலிருந்து கரகரப்பிரியாவுக்குரிய கோடிப்பாலையும், விளரியிலிருந்து தோடிக்குரிய விளரிப்பாலையும், தாரத்திலிருந்து கல்யாணிக்குரிய மேற்செம்பாலையும் தோன்றும். ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலும், விபுலானந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ்நூலிலும் இப்பாலைகளை ஆராய்ந்துள்ளனர். பெரும்புலமைக்குரியதாகத் தோன்றும் இச்செய்தியின் உயிர்நாடியை ஏழாம் வகுப்பு மாணவியும் அறியலாம் என்பதே கருத்துவழிக் கற்பித்தலின் உறுதி.

புரந்தரதாசரின் ஏணி

இன்று வழங்கும் தொடக்கப் பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் (1484-1564) என்பது மரபு. அவற்றைப் பழைய முறை என்று பழிப்பது நன்றியற்ற செயல். அவ்வரிசையை உற்று நோக்கினால் ஒவ்வொரு படியிலும் ஒரு கருத்து மறைந்திருப்பது தெரியும். சரளி வரிசை அடுத்தடுத்த சுரங்களின் உறவு. ஜண்டை வரிசை ஒரே சுரம் இருமுறை வரும்போது இரண்டாவதற்குக் கிடைக்கும் அழுத்தம். தாட்டு வரிசை தாவல். அலங்காரம் ஏழு தாளங்களின் உறுப்பமைப்பு. கீதத்தில்தான் சொல் வந்து சேர்கிறது.

மாயாமாளவகௌளையைத் தேர்ந்ததிலும் ஓர் அழகு உண்டு. ச முதல் ம வரை அரைப்படிக் கணக்கில் ஒன்று, மூன்று, ஒன்று என இடைவெளி அமையும். ப முதல் மேல் ச வரையும் அதே ஒன்று, மூன்று, ஒன்று. முற்பாதியின் நிழல் பிற்பாதி. எதுகை அமைந்த ஈரடிகள் போல் அவ்விரு பாதிகளும் நிற்கின்றன. மிக நெருங்கிய இடைவெளியும் மிக அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து வருவதால் செவி வேறுபாட்டை விரைந்து பற்றும்.

ஏணி நன்றாகவே இருக்கிறது. ஏறுகின்றவளிடம் எங்கே ஏறுகிறாய் என்று எவரும் சொல்லாததே குறை. குருகுலத்தில் பத்தாண்டு உடனிருந்தவனுக்குக் கருத்து சொல்லாமலே விளங்கியது. வாரத்தில் ஒரு பாடவேளை கிடைக்கும் பள்ளிக் குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. சொற்ப நேரமே உள்ளவனுக்குத்தான் கருத்து முதலில் தேவைப்படுகிறது.

மூன்று பாடவேளைகள்

மேற்கூறிய வகுப்பறைக்கே திரும்புவோம். கருவி ஓர் ஆர்மோனியம் மட்டுமே. கற்பிக்க வேண்டிய கருத்து ஒன்று: இசையில் ஒன்று நிற்க, மற்றொன்று அசைகிறது.

முதற்பாடவேளையில் சுருதி ஒலிக்க, அனைவரும் ச என்று நிற்கின்றனர். ச ரி க ம வரை வாய்விட்டுப் பாடுகின்றனர். ஆசிரியை கையை மூடியதும் சுருதியும் நிற்கிறது, குரலும் நிற்கிறது. ப த நி மூன்றையும் உள்ளத்துக்குள் மட்டும் பாடுகின்றனர். கை திறந்ததும் மேல் ச எல்லா வாயிலிருந்தும் ஒருங்கே வருகிறது. முதல்முறை அது சிதறும். ஐந்தாம் முறை ஒன்றுபடும். சரியா தவறா என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை. ஆர்மோனியத்தை மீண்டும் அழுத்தினால் குழந்தைகளே அறிவர். ஒலியாத ஒலியை உள்ளே கேட்கும் இவ்வாற்றல்தான் டால்குரோசின் மாணவரிடம் இல்லாதிருந்தது. ஆதார சுருதி என்னும் சொல்லை இப்போது சொன்னால், அதற்குரிய இடம் அவர்கள் உள்ளத்தில் ஆயத்தமாக இருக்கும்.

இரண்டாம் பாடவேளையில் ஆய்ச்சியர் குரவை வகுப்புக்கு வருகிறது. ஐந்து மாணவியர் வட்டமாக நிற்கின்றனர். மோகனத்தின் ச ரி க ப த ஆளுக்கொன்று. ஆசிரியை எவரைத் தொடுகிறாரோ அவர் தம் ஒலியைப் பாடுகிறார். இப்போது எவரும் தம் ஒலியை மாற்றாமல், சுருதியை மட்டும் இரண்டாம் மாணவிக்கு மாற்றுகிறார் ஆசிரியை. அவரிடமிருந்து சுற்றினால் மத்தியமாவதி கேட்கிறது. மூன்றாமவரிடமிருந்து இந்தோளம். நான்காமவரிடமிருந்து சுத்தசாவேரி. ஐந்தாமவரிடமிருந்து சுத்ததன்யாசி. ஐந்து குரல்கள், ஐந்து இராகங்கள். நின்ற இடம் மாறவில்லை. வீடு எது என்பது மட்டும் மாறிற்று. அங்கேரியின் பழைய நாட்டுப்பாடல்கள் பல சுத்ததன்யாசியின் அதே ஐந்து சுர அடுக்கில் அமைந்தவை என்று அப்போது சொல்லலாம். உலகப்படம் வேண்டாமலே உலகம் வகுப்புக்குள் வந்துவிடும்.

மூன்றாம் பாடவேளை தாளத்திற்கு. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கை கையில் நிற்கிறது. வாயில் தகதிமி தகதிமி. பின் கை மாறாமல் வாய் தகிட தகிட தக என்று மாறுகிறது. எட்டு எட்டாகவே இருக்கிறது. உட்பகுப்பு நான்கும் நான்கும் என்பதிலிருந்து மூன்று, மூன்று, இரண்டு என ஆயிற்று. அடுத்து மாணவியர் தாமே எட்டைப் பகுத்துக் காட்டவேண்டும். தகதகிட தகிட என்று ஐந்தும் மூன்றும் ஒருத்தி கொணர்வாள். தக தகிட தகிட என்று திருப்பிப் போடுவாள் மற்றொருத்தி. இங்கேதான் குழந்தை புனைவோள் ஆகிறாள். தான் வகுத்த எட்டைக் கும்மியின் கைத்தட்டோடும், ஊரில் கேட்ட பறையொலியோடும் அவளே ஒப்பிடத் தொடங்குவாள்.

நிற்பதும் அசைவதும் என்னும் இக்கருத்து இம்மூன்றோடு முடிவதில்லை. உயர்வகுப்பில் கீர்த்தனையின் பல்லவி கற்கும்போது, வரி ஒன்றே நிற்கச் சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிவதை அவள் முன்பே அறிந்த உறவாகக் காண்பாள். சுருள் இவ்வாறே சுற்றுகிறது.

தேமாவும் தகிடவும்

கவிஞர் பெருமக்கள் இத்துணை நேரம் பொறுத்ததற்கு ஈடாக அவர்தம் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூறுதல் முறை. உலகின் எந்தக் கருத்துவழிப் பாடநூலும் நாணத்தக்க ஓர் அமைப்பு தமிழ் யாப்பில் இருக்கிறது. நேர் நேர் என்பதற்கு வாய்பாடு தேமா. அச்சொல்லே நேர் நேராக அமைந்தது. புளிமா நிரை நேர். கூவிளம் நேர் நிரை. கருவிளம் நிரை நிரை. பெயரே தன் எடுத்துக்காட்டாகவும் நிற்கிறது. ஒலியும் குறியும் பிரியாத இப்பெயர்கள் மரங்களின் பெயர்களாகவும் இருப்பதால் சிற்றூர்ச் சிறுவன் நாவில் எளிதில் ஏறின. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு என்னும் சொற்கட்டும் இவ்வகையதே. எண்ணைச் சொல்லாமல் எண்ணாகவே ஒலிப்பது.

ஆயின் இவ்விரு வாய்பாடுகளும் அளப்பவை வெவ்வேறு. 'பாட' என்பதும் தேமா. 'பாடா' என்பதும் தேமா. அசைக்கணக்கில் வேறுபாடில்லை. மாத்திரைக்கணக்கில் முன்னது மூன்று, பின்னது நான்கு. முன்னது தகிடவில் பொருந்தும். பின்னது தகதிமியில் பொருந்தும். வெண்பாவில் இவ்வேறுபாட்டைச் செப்பலோசை தாங்கிக்கொள்ளும். சந்த விருத்தத்திலும் வண்ணப்பாவிலும் தாங்காது. அங்கே ஒரு தேமாவின் இடத்தில் மற்றொரு தேமாவை வைத்தவன், சீர் பிரித்துக் காட்டித் தான் பிழைசெய்யவில்லை என்று வாதிடுவான். செவியோ பிழை என்று சொல்லும். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலின் தலைப்பில் தத்தகாரச் சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அருணகிரிநாதரின் பாடலுக்கு அசையளவு போதாது, ஒலியளவு வேண்டும்.

அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் பாரதியாரின் சிந்துகளும் இவ்வொலியளவில் பிறந்தவை. அவற்றைத் தாளில் மட்டும் கண்டு எழுத முற்பட்டோர் இடறியதும் அதனால்தான். புதுக்கவிதை எழுதுவோர்க்கும் இதில் பங்குண்டு. யாப்பை விட்டவனுக்கு வரியை எங்கே உடைப்பது என்று சொல்லச் செவியைத் தவிர வேறு துணை இல்லை. எட்டை மூன்று, மூன்று, இரண்டாகப் பகுக்கக் கற்ற குழந்தை, பிற்காலத்தில் ஒரு வரியை எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் கேட்டே அறிவாள்.

மறுப்புகளும் விடைகளும்

இந்நெறிக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. கருத்துவழிக் கற்பித்தல் எளிதில் சொல்வழிக் கற்பித்தலாகத் தேய்ந்துவிடும். சுரநிலை, நாதத்தின் நிறம், வடிவம் என்று கரும்பலகையில் எழுதி வரையறை சொல்லி முடித்துவிட்டால், மேளகர்த்தா எண்ணை மனப்பாடம் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? டேவிட் எலியட் என்னும் கல்வியியலார் 1995 இல் வெளியிட்ட நூலில், இசை என்பது பொருள் அன்று, மனிதர் செய்யும் செயல் என வலியுறுத்தினார். பாடுதலும் இசைத்தலும் நடுவில் நில்லாத இசைக்கல்வியை மறுத்தார். இம்மறுப்பு ஏற்கத்தக்கது. கருத்து பாட்டிலிருந்து எழ வேண்டும். பாட்டிற்கே திரும்ப வேண்டும். பாடாத வகுப்பு இசை வகுப்பன்று.

குருமரபினர் கூறும் மறுப்பு இன்னும் ஆழமானது. தோடியின் காந்தாரம் ஆர்மோனியத்தின் ஒரு கட்டையில் இல்லை. அது அசைந்து அசைந்து நிலைபெறுவது. கமகத்தை வரையறுக்க இயலுமா? இயலாது. பாடாந்தரத்தாலும் கேள்வி ஞானத்தாலுமே அது வரும். ஆயினும் இதனால் கருத்து பயனற்றதாகிவிடாது. முதற்சுற்றில் சுரம் என்பது ஓர் இடம் என்று குழந்தை அறிகிறாள். மூன்றாம் சுற்றில் சுரம் என்பது ஓர் அசைவு என்று அறியும்போது, முன்பு அறிந்தது உடைகிறது. இடத்தைத் தெளிவாக அறிந்தவளுக்கே அசைவு வியப்பளிக்கும். அறிந்ததை உடைத்துப் பெரிதாக்குவதும் சுருளின் வேலையே.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. இசையாசிரியர் இல்லாத பள்ளிகள் பல. இருக்கும் பள்ளியிலும் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது இசைப் பாடவேளை. 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, இசை உள்ளிட்ட கலைகளைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் இருக்க, பாடவேளை கணக்கிற்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. இதற்குக் கல்வியியல் விடை சொல்லாது. சமுதாயமே விடை சொல்லவேண்டும். இசை தேவையென்று கேட்கும் பெற்றோரும் ஊராரும் இல்லாதவரை, பறிபோன பாடவேளை திரும்பாது.

வட்டம் செய்யத்தக்கவை

இவ்விடத்தில்தான் இலக்கிய வட்டங்களுக்குக் கடமை ஒன்று எழுகிறது. தமிழிசைச் சங்கம் 1943 இல் எழுந்தபோது வினா எந்த மொழியில் பாடுவது என்பதாயிருந்தது. இன்று அதனோடு மற்றொரு வினாவும் சேர்ந்திருக்கிறது: பாடினால் கேட்கும் செவி உருவாகிறதா? மொழியை வென்று செவியை இழந்தால் அவ்வெற்றி நிலைக்காது.

வட்டத்தின் கூட்டங்களில் கவிதை அரங்கேறும் முன் ஒருமுறை தாளமிட்டுப் படிக்கப்படலாம். மரபுக்கவிதைப் பயிற்சியில் சீர் பிரித்தலோடு தத்தகாரம் சொல்லுதலும் சேரலாம். தாலாட்டும் ஏற்றப்பாட்டும் கும்மியும் தெரிந்த முதியவர்களை ஆண்டிற்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள பள்ளியின் இசை வகுப்பிற்கு அழைத்துச் செல்லலாம். குழந்தை முதலில் பாட வேண்டியது தன் பாட்டியின் பாட்டை. அதிலிருந்து எழும் கருத்தே வேரூன்றும். கோடாய் தம் நாட்டிற்குச் சொன்ன சொல் தமிழ்நாட்டிற்கும் பொருந்தும்.

முதலில் கண்ட அம்மாணவியை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். மூன்று பாடவேளைகளுக்குப் பின் ஆசிரியை ஆர்மோனியத்தில் வழக்கமான வரிசையை வாசிக்கிறார். ரிஷபம் ஒரு கட்டை உயர்கிறது. இம்முறை அவள் தலை நிமிர்கிறது. 'ஏதோ மாறிவிட்டது, அம்மா' என்கிறாள். எது மாறியது என்று அவளுக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. இராகத்தின் பெயரும் தெரியவில்லை. தேர்வில் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை. ஆயினும் இசைக்கல்வி தொடங்குவது அவ்விடத்தில்தான். பெயர் நாளை வரும். இன்று அவள் கேட்டுவிட்டாள்.

கேட்கும் செவிகள் பெருகினால் கவிஞர்களும் பெருகுவர். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அச்செவிகளையும் வளர்க்கும் வட்டமாக விளங்குக.